மாவட்டக் கணக்கை நம்பிப் பள்ளியைத் தீர்மானிக்கலாமா?

கேள்வி: தாராவியில் குடியிருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வரும் ஜூனில் மகளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடக்கும் தூரத்தில் மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. என் கொழுந்தன் கைப்பேசியில் ஏதேதோ புள்ளிவிவரங்களைக் காட்டி, “இந்த மாவட்டத்து முனிசிபல் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வாசிக்க வராது; கடன் வாங்கியாவது தனியாரில் சேருங்கள், அண்ணி” என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், தாராவி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கொழுந்தனின் அக்கறை நியாயமானது. அவர் நம்பியிருக்கும் கணக்குதான் உங்கள் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் செய்தி, 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ ஆய்விலிருந்து வருவது. அது கிராமப்புற வீடுகளில் எடுக்கப்படும் ஆய்வு. தாராவியை உள்ளடக்கிய, முழுக்க நகரமாகிய மும்பை நகர மாவட்டம் அதில் வருவதில்லை. மத்திய அரசு 2021-லும் 2024-லும் நடத்திய, பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் தேசிய அடைவுத் தேர்வுகள் மாவட்ட அளவில் முடிவு தருபவைதாம் என்றாலும், அவை மாதிரிக்கு எடுத்த சில பள்ளிகளில் மட்டுமே நடந்தவை. உங்கள் தெருப் பள்ளிக்கு மதிப்பெண் போடுவது அவற்றின் நோக்கமே இல்லை.

அடுத்து, அந்த மாவட்டத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பாருங்கள். மகாராஷ்டிரத்திலேயே பரப்பளவில் மிகச் சிறியது மும்பை நகர மாவட்டம். 157 சதுர கிலோமீட்டர்தான். பெரும் பணக்காரர்கள் வாழும் மலபார் ஹில்லும் தாராவியும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் அடங்கும்போது, சராசரி எண் இரண்டில் எந்த இடத்தையும் காட்டாது. மாநகராட்சிப் பள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தாலும் சிக்கல் தீராது. கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தனியாருக்குப் போய்விட, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும், மே மாதம் ஊருக்குப் போய் ஜூலையில் திரும்பும் பிள்ளைகளும், வாடகை வீடு மாறியதால் ஆண்டு நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுமே மிஞ்சுகிறார்கள். ஆசிரியர் அதே அக்கறையோடு கற்பித்தாலும் பள்ளியின் சராசரி மட்டும் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகும். தவிர, 20 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் நிலை மாறினாலே விழுக்காட்டில் 10 புள்ளி ஏறும் அல்லது இறங்கும். அதைப் பள்ளியின் உயர்வென்றோ வீழ்ச்சியென்றோ பேசுவது வீண்பேச்சு. (தனியார் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளுக்கும் இது பொருந்தும், வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அவை சொல்வதில்லை.)

ஆகவே நேரில் போய்ப் பாருங்கள். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா, ஒருவரே இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம், அவர்கள் மனப்பாடம் செய்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துத் தெரியாமல் நுழைந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில் தட்டுத்தடுமாறியாவது பொருள் புரிந்து வாசித்தால், அந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது என்று நம்பலாம். பள்ளி எந்த வகுப்பு வரை இருக்கிறது, முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். தமிழ்வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கவே கூடாது; மேல்வகுப்பு தமிழ்வழியில் இல்லாவிட்டால் பிள்ளை நடுவில் மொழி மாற வேண்டியிருக்கும்.

என் கருத்து: ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்றால் மாநகராட்சிப் பள்ளியிலேயே சேருங்கள். தொடக்க வகுப்புக்காக வட்டிக்கு வாங்கும் குடும்பம், கடன் முற்றும்போது பிள்ளையைப் பாதியில் நிறுத்தி வேறு பள்ளிக்கு மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். தனியார்தான் வேண்டுமென்றால், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இலவச இடங்களுக்கு இணையவழியில் விண்ணப்பியுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளிக்கு விலக்கு என்று மாநில அரசு 2024-இல் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே ரத்து செய்துவிட்டது. எனவே அருகில் மாநகராட்சிப் பள்ளி இருப்பது தடையாகாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது. குலுக்கலில்தான் இடம் கிடைக்கும் என்பதால், மாநகராட்சிப் பள்ளிச் சேர்க்கையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கேளுங்கள். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அந்தக் குழுவின் தீர்மானமாக எழுதி மாநகராட்சிக் கல்வித் துறைக்கு அனுப்பலாம். தனித்தனியாகப் போய்க் கெஞ்சுவதைவிட அதற்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.