இரண்டு ஜெனரேட்டருக்கு லோடைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். கரண்ட் போனால் 500, 250 கே.வி.ஏ. (அதாவது 400, 200 கிலோவாட்) ஜெனரேட்டர்கள் இரண்டையும் ஓட்டி, திறன் விகிதப்படி லோடைப் பிரிக்கிறோம். 300 கிலோவாட் லோடுக்கு இது சிக்கனமா?

பதில்: இல்லை. எப்படிப் பிரிப்பது என்பதற்கு முன், எதை ஓட்டுவது என்று பாருங்கள். டீசல் அங்கேதான் மிச்சமாகும்.

சீசனில் ஒவ்வொரு செட்டையும் 50, 75, 100 சதவீத லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி, டீசல் செலவைக் குறியுங்கள். மூன்று புள்ளிகள் இருந்தால் லோடுக்கு எவ்வளவு டீசல் என்று சொல்லும் இருபடிச் சமன்பாடு கிடைத்துவிடும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். பெரிய செட்டுக்கு மணிக்கு 14 லிட்டர், கிலோவாட்டுக்கு 0.17, கிலோவாட்டின் வர்க்கத்துக்கு 0.0001. சின்னதற்கு 6, 0.18, 0.0003. அந்த 14-ம் 6-ம் இன்ஜின் சும்மா சுற்றினாலும் போகும் டீசல்.

இப்போது நீங்கள் செய்வது பெரியதில் 200, சின்னதில் 100 கிலோவாட்: மணிக்கு 79 லிட்டர். அடுத்த ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் கூடுதல் டீசல் இரண்டிலும் சமமாகும்படி பிரித்தால் பெரியதில் 237.5, சின்னதில் 62.5: 78.4 லிட்டர். பாடநூலில் உள்ள இந்தச் சமக் கூடுதல் விதி மிச்சப்படுத்துவது அரை லிட்டர்தான். பெரியதை மட்டும் ஓட்டினால் 74! இந்தக் கணக்கில் சுமார் 175 கிலோவாட் வரை சின்னது, அதற்கு மேல் பெரியது. பெரியதைத் தொடர்ந்து 360-க்கு மேல் ஏற்றாதீர்கள். அதைத் தாண்டினால் இரண்டையும் ஓட்டி, சமக் கூடுதல் விதியைப் பயன்படுத்துங்கள். எதையும் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படியும்.

பாதுகாப்புக்காகத்தான் இரண்டையும் ஓட்டுகிறோம் என்பீர்கள். பெரியது ட்ரிப் ஆனால் 300 கிலோவாட்டும் 200 கிலோவாட் செட்டின் தலையில் விழும். அதிர்வெண் சரிந்து அதுவும் ட்ரிப் ஆகும். ஆக, பாதுகாப்பும் இல்லை, டீசலும் வீண். பெரிய செட்டின் பிரேக்கரில் உள்ள ஆக்ஸிலரி கான்டாக்டிலிருந்து (பிரேக்கர் திறந்ததா மூடியதா என்று காட்டும் துணை ஸ்விட்ச்) ஒயர் இழுத்து, பிரேக்கர் திறந்த உடனே குளிர்பதன கம்ப்ரசர் ஃபீடர் போன்றவற்றில் குறைந்தது 120 கிலோவாட் துண்டாகும்படி செய்யுங்கள். குளிர் அறை சற்று நேரம் தாங்கும், ஸ்டெரிலைசர் தாங்காது.

அசெப்டிக் (கிருமி புகாத) நிரப்புதல் நடக்கும்போது ஜெனரேட்டர் ட்ரிப் ஆகி கரண்ட் போனால் லைனை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய வேண்டியிருக்கும். மணிக்கு 5 லிட்டர் மிச்சம் அதற்கு ஈடாகாது. ஆகவே அப்போது இந்த ஒயரிங்கோடு இரண்டு செட், மற்ற நேரத்தில் ஒன்று.