கையை ஊன்றாமல் எழ முடிகிறதா?

கேள்வி: வயது 66. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. நடை போதாதா?

பதில்: போதாது. இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடை நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தொடைத் தசைக்கு அது பழகிப்போன வேலை. 30 வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. 60-க்குப் பிறகு வேகம் கூடும். அதிகம் சுருங்குவது சட்டென இயங்கும் தசை இழைகள். தடுக்கி விழப்போகும்போது காலை முன்னே எடுத்துவைப்பவை அவைதான். சுமை கொடுத்தால்தான் அவை விழித்துக்கொள்ளும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். சக்கரமில்லாத, முழங்கால் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், உடலின் இயக்கத் திறன் குறைந்திருக்கிறது என்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை. முழுதாக நிமிராமல் உட்கார்ந்து நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

பயிற்சியும் இதேதான். குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். பாதம் முன்னே நீண்டிருப்பதால்தான் பலருக்கு எழ வருவதில்லை. உடம்பை முன்னே சாய்த்து, மூச்சை விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்காரும்போது 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பென விழுந்தால் பாதிப் பலன் போச்சு. 8 முதல் 12 தடவை, 2 சுற்று, நடுவில் 2 நிமிட ஓய்வு. வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். முடியாவிட்டால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். 12 தடவை சுலபமாகிவிட்டால் 2 கிலோ எடையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக அதே 10 தடவையிலேயே நிற்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வயதாகிவிட்டதே என்ற தயக்கம் வேண்டாம். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

கேள்வி: வயதான பிறகு புரதத்தைக் குறைக்க வேண்டுமாமே?

பதில்: நேர்மாறு. 65 வயதுக்கு மேல், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். அது உணவின் எடையல்ல, அதிலுள்ள புரதத்தின் எடை. இங்கேதான் கணக்குத் தவறுகிறது. ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளையும் 20 முதல் 25 கிராம் வருமாறு பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. மருத்துவர் சொல்வதே கணக்கு.

கேள்வி: ராபமைசின் மாத்திரை ஆயுளை நீட்டுமா?

பதில்: எலிக்கு நீட்டியது. 2009-இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோதும் ஆயுள் கூடியது. மனிதரிடம் அப்படி நிரூபணமாகவில்லை. சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் எதிர்ப்பைத் தணிக்கக் கொடுக்கும் மருந்து அது. வாய்ப்புண், தொற்று, ரத்தக் கொழுப்பு உயர்வு எல்லாம் கூடவே வரலாம். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.