யானைக்கு ஓட்டு இல்லை என்பது சாக்கு

கேள்வி: தேர்தல் அறிக்கைகளில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் கடைசிப் பக்கத்தில் நாலு வரி ஒதுக்குகிறார்கள். அதுவும் மரக்கன்று நடுவதோடு முடிந்துவிடுகிறது. யானைக்கும் புலிக்கும் ஓட்டு இல்லை என்பதால்தானே எந்தக் கட்சியும் காட்டைப் பற்றிப் பேசுவதில்லை?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: பேசுவதில்லை என்று யார் சொன்னது? அதுவும் கூடலூரில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்கலாமா? செக்‌ஷன் 17 நிலத்துக்குப் பட்டா, அங்குள்ள வீடுகளுக்குக் கரன்ட் என்று எத்தனை தேர்தலாகக் கேட்டுவருகிறீர்கள்! அது காட்டைப் பற்றிய பேச்சுதானே? ஜமீன் மாதிரியான பழைய ஜென்மம் நில உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டம், யாருக்குச் சொந்தம் என்று தீர்க்காமல் விட்ட அந்த நிலத்தில் எஸ்டேட்டும் இருக்கிறது, ஏழை வீடும் இருக்கிறது, யானை நடக்கும் வழியும் இருக்கிறது. கட்சிகள் வீட்டைப் பற்றி மட்டும் பேசுகின்றன. யானை எந்த வழியாகப் போகும் என்பதைப் பேசாமல், அதை ஊர் முழுக்க ஒரு பயமாக உலவ விடுகின்றன. என் கோபம் அந்தப் பாதிப் பேச்சின் மேல்தான்.

பக்கத்தில் இருக்கும் கேரளாவைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-ல் அறிக்கை தந்தது. எங்கே எதை அனுமதிப்பது என்பதைக் கிராம சபைகளிடம் கொண்டுபோய்ப் பேசி முடிவு செய்யுங்கள் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் மலையில் இருக்கும் விவசாயியின் கைக்கு அவர் மொழியில் அறிக்கை போய்ச் சேரவில்லை. ஊரைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற வதந்திதான் போனது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு பாதுகாக்க வேண்டிய பரப்பைக் குறைத்தும் பயம் அடங்கவில்லை. 2013 நவம்பரில் மலை மாவட்டங்களில் கடையடைப்பு, கலவரம்.

அப்போது இடுக்கியின் காங்கிரஸ் எம்.பி. பி.டி.தாமஸ். தன் தொகுதியே கொதித்துக்கொண்டிருந்தபோது, காட்கில் சொல்வது சரி என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிரோடு இருந்தவருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014-ல் அவர் கட்சியே அவருக்கு சீட் தரவில்லை. வேறொருவரை நிறுத்திய காங்கிரஸ் தோற்றது. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ், இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். உண்மையைச் சொன்னவரைக் கைவிட்டும் தொகுதி மிஞ்சவில்லை.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தேர்தலில் காட்டைப் பற்றிப் பேசவில்லையா? இடுக்கியில் அதைத்தான் பேசினார்கள். பத்தாண்டு கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஊர்கள் இருக்கும் வைத்திரி தாலுகா, காட்கில் குழு மிகக் கவனமாகக் காக்கச் சொன்ன முதல் மண்டலத்தில் இருந்தது.

நம் வீட்டுக்கு வருவோம். 2024 மக்களவைத் தேர்தலுக்குத் தமிழகத்தில் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்களை அடையாளம் காட்டும் வரைவு அறிக்கையை வனத்துறை வெளியிட்டது ஏப்ரல் கடைசியில். முதலில் வந்தது ஆங்கிலத்தில். கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாள். கூடலூர் பதறியது. பதறாமல் என்ன செய்யும்? தன் வீடு வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒருவர் ஆங்கிலம் படித்தவரைத் தேடிப் போக வேண்டும் என்றால், அந்த மனிதர் யானையை எப்படி நேசிப்பார்? இடுக்கியில் நடந்த அதே தவறு இது. யானைக்கு நல்லது நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதில்தான் வலி அதிகம்.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2022-ல் கடவூரில் தேவாங்குக்குச் சரணாலயம் வந்தது. அதே ஆண்டு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுக் காப்பகம் வந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கடவூரில் ஒரு ரிசார்ட்டையும் அகற்ற வேண்டியிருக்கவில்லை. நீலகிரியின் சீகூரில் அப்படி இல்லை. அங்கே யானை வழித்தடத்துக்கான அரசாணை வந்தது 2010-ல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2020 அக்டோபர்.

மரக்கன்று விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நீலகிரியில் சோலையை ஒட்டிய புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து, சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டே அழித்தோம். வரையாடு மேயும் இடம் அது. எத்தனை கோடி கன்று என்ற எண்ணைப் பார்த்து ஓட்டுப் போட்டுவிடாதீர்கள்.

யானைக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் சீகூரை ஒட்டி ஓடும் மோயாறு பவானிசாகரில் சேர்கிறது. அந்த அணையின் கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். கோபியிலும் ஈரோட்டிலும் இருப்பவர்களுக்கு ஓட்டு உண்டு. அவர்களிடம் மேலே உள்ள காட்டைப் பற்றி எந்த வேட்பாளராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அவர்களும் கேட்டதில்லை. நீங்களும் நானும் கேட்டதில்லை.

இந்த முறை கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், 42 வழித்தட அறிக்கையில் அவர் கட்சி எதை ஏற்கிறது, எதை மறுக்கிறது என்று கேளுங்கள். அதைத் தமிழில், வரைபடத்தோடு, கிராம சபையில் வைக்கச் சம்மதமா? வழித்தடத்துக்குள் இருக்கும் ஏழையின் வீட்டையும் பணக்காரரின் ரிசார்ட்டையும் ஒரே தராசில் நிறுப்பாரா? வீடு போகிறவருக்கு மாற்று இடம் எங்கே, எப்போது? பதிலை எழுதி வாங்கி, கட்சிப் பெயரோடு எங்களுக்கு அனுப்புங்கள். எந்தக் கட்சியானாலும் ஒரு வரிகூட வெட்டாமல், ஓட்டுப் பதிவுக்கு முன்பே இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.