கேள்வி–பதில்: ஹெர்னிங்கின் ஓநாய்கள்

டென்மார்க் கால்பந்து கிளப் எஃப்.சி. மிட்யூலன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த வாரம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ‘மிட்ஜில்லாண்ட்’ என்று ஒருவர் சொல்கிறார், ‘மிட்டிலாண்ட்’ என்று இன்னொருவர். எது சரி? நூறு வயது கிளப்கள் நிறைந்த ஐரோப்பாவில் 1999-இல் பிறந்த ஒரு கிளப் எப்படி மேலே வந்தது?

‘மிட்-யூ-லன்’ என்று சொல்லுங்கள். டேனிஷ் மொழியில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஓசைதான். கடைசியில் எழுதப்படும் ‘டி’ உச்சரிப்பில் வராது. ஜட்லண்ட் தீபகற்பத்தின் நடுப்பகுதி என்பது பெயரின் பொருள். கிளப்பின் ஊர் ஹெர்னிங். ஐம்பதாயிரம் பேர் வாழும், நெசவுத் தொழிலால் வளர்ந்த ஊர். சின்னத்தில் ஓநாய் இருப்பதால் ரசிகர்களுக்கு இவர்கள் ‘ஓநாய்கள்’.

1999-இல் பிறந்தது என்பது பாதி உண்மைதான். 1918-இல் தொடங்கிய ஹெர்னிங் ஃப்ரெமாட், 1935-இல் தொடங்கிய ஈகாஸ்ட் எஃப்.எஸ். என்ற இரண்டு பழைய கிளப்கள் அங்கே இருந்தன. இரண்டு ஊருக்கும் நடுவில் 13 கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒருவரை ஒருவர் ஆகாது. தனித்தனியாக நின்றால் தலைநகர் கோபன்ஹேகன் கிளப்களின் பணத்தோடு மோத முடியாது என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் இருவர்: ஈகாஸ்ட் பக்கம் தச்சுத் தொழில் நிறுவனம் நடத்திய ஜானி ரூனே, ஹெர்னிங் பக்கம் கார் வியாபாரி ஸ்டீன் ஹெசல். முதல் முயற்சி கைகூடவில்லை. விடாமல் பேசிப் பேசி 1999 ஏப்ரலில் இணைப்பை அறிவித்தார்கள். ஜூலை 1 முதல் புதிய கிளப் நடைமுறைக்கு வந்தது. முதல் சீசன் இரண்டாம் நிலை லீக்கில். அதை வென்று 2000-இல் மேல் லீக்குக்கு ஏறினார்கள்.

இப்படி இணைவது டென்மார்க்கில் புதிதல்ல. ப்ரண்ட்பி கிளப் 1964-இல் இரண்டு உள்ளூர் கிளப்கள் சேர்ந்து வந்தது. எஃப்.சி. கோபன்ஹேகனும் 1992-இல் இரண்டு பழைய கிளப்கள் சேர்ந்து உருவானதுதான்.

கேள்வி: 2015-இல் இவர்கள் முதல் லீக் பட்டம் வென்றது கணினியால்தான் என்று படித்தேன். ஒரு மென்பொருள் கோப்பை வாங்கித் தர முடியுமா?

முடியாது. ஆனால் அந்தக் கதையில் உண்மையான பகுதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

2014-இல் கிளப் கடுமையான பண நெருக்கடியில் இருந்தது. அந்த ஜூலையில் இங்கிலாந்தின் மேத்யூ பென்ஹாம் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். பந்தயக் கணிப்புக்கான புள்ளிவிவர நிறுவனமும், லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பும் அவர் கையில் இருந்தன. ராஸ்மஸ் ஆங்கர்சன் தலைவரானார். ஆனால் அவர்கள் வருவதற்கு முந்தைய சீசனிலேயே இந்த அணி லீக்கில் மூன்றாவது இடம் பிடித்திருந்தது. பயிற்சியாளர் கிளென் ரிடர்ஷோமும் ஏற்கெனவே அங்கே இருந்தவர். கணினி வெறுங்கையோடு தொடங்கவில்லை.

அது என்ன செய்தது? ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஓர் எண் கொடுப்பார்கள். பெனால்டி என்றால் ஏறக்குறைய 0.76, அதாவது நூறு பெனால்டி அடித்தால் 76 உள்ளே போகும். பெனால்டி பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடித்தால் பெரும்பாலும் 0.05-க்கும் கீழே. ஓர் ஆட்டத்தின் எண்களைக் கூட்டினால் அணி எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கியது என்று தெரியும். 1–0 என்று தோற்ற அணி உண்மையில் நன்றாக ஆடியிருக்கலாம்; வென்றவர்களுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கலாம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே ஆட்டத்தின் எண்ணை வைத்துக்கொண்டு ‘நாங்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும்’ என்று வாதாடுவார்கள். ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. பத்துப் பதினைந்து ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

வீரரை வாங்கும்போதும் இதே கணக்குதான். ஜெர்மனியின் இரண்டாம் லீக்கில் ஆடிய க்ரோய்தர் ஃப்யூர்த் அணியைப் பட்டியலின் இடத்தைவிட மேலான அணி என்று இவர்களுடைய கணினிக் கணக்கு காட்டியது. அந்த அணி 2014-இல் மேல் லீக்குக்கு ஏறும் வாய்ப்பை ஹாம்பர்க்கிடம் மயிரிழையில் இழந்தது. அங்கிருந்து ஃபின்லாந்து நடுக்கள வீரர் டிம் ஸ்பார்வ் வந்தார். கோல் அடிப்பவர் அல்ல, கண்ணைக் கவருபவரும் அல்ல. இடம் அறிந்து நிற்பவர். பட்டம் வென்ற அணியின் முதுகெலும்பு அவர்தான்.

மிச்சம் செட் பீஸ், அதாவது நின்ற ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் பந்து. கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன் எல்லாம் அதில் அடக்கம். சாதாரணமாக நூறு கார்னர் அடித்தால் மூன்று நான்குதான் கோலாகும். அதனால் பல பயிற்சியாளர்கள் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. மிட்யூலன் அந்த அலட்சியத்தைத் தனக்கு லாபமாக்கிக்கொண்டது. யார் எங்கிருந்து ஓடுவது, யார் எதிரணி டிஃபென்டரின் வழியை மறிப்பது என்று வரைந்து வைத்துப் பழகினார்கள். 2014–15-இல் 33 லீக் ஆட்டங்களில் 25 கோல்கள் செட் பீஸில் வந்தன. நான்கு ஆட்டத்துக்கு மூன்று கோல்! பட்டத்தை நான்கு புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, லெஃப்ட் பேக் ஆடுகிறான். மிட்யூலன் வீரர்கள் போல நீளமாக த்ரோ எறிய ஆசைப்படுகிறான். வழி உண்டா?

உண்டு. முதலில் எவ்வளவு தூரம் வேண்டும் என்று பாருங்கள். 68 மீட்டர் அகல மைதானத்தில், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பக்கக்கோட்டில் நின்று எறிந்தால் பெனால்டி பெட்டி தொடங்க 13.84 மீட்டர். உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி தொடங்க 24.84 மீட்டர். அருகிலுள்ள கம்பம் 30.34 மீட்டர், எதிர்க் கம்பம் 37.66 மீட்டர்.

மிட்யூலனின் லெஃப்ட் பேக் ஆண்ட்ரியாஸ் பவுல்சன், த்ரோ-இன் பயிற்சியாளர் தாமஸ் க்ரோனமார்க்கிடம் பயிற்சி எடுப்பதற்கு முன் எறிந்தது 24 மீட்டர் சொச்சம். பிறகு அது 37 மீட்டரைத் தாண்டியது. மேலே உள்ள அளவுகளோடு ஒப்பிடுங்கள்: முன்பு பந்து சின்னப் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் விழுந்திருக்கும், பின்பு எதிர்க் கம்பம் வரை போகும். 2018-இல் ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக் அவரை வாங்கியது.

தூரம் கையிலிருந்து வருவதில்லை. முதுகும் வயிறும்தான் எறிகின்றன. நான்கைந்து அடி ஓடி வந்து, கடைசி அடியில் உடம்பை வில்லாகப் பின்னே வளைத்து, இரண்டு உள்ளங்கையும் பந்தின் பின்பக்கம் இருக்க, தலைக்குப் பின்னாலிருந்து ஒரே இழுப்பில் விட வேண்டும். விட்ட பிறகும் கை முன்னோக்கி ஓடட்டும். பந்து ஈரமாக இருந்தால் சட்டையில் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழுக்கினால் எல்லாம் போச்சு.

மூன்று தவறுகள் அடிக்கடி வரும். பந்தை விடும்போது பின்கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அது விதிமீறல், த்ரோ எதிரணிக்குப் போய்விடும். ஒரு கை அதிகமாகத் தள்ளினால் பந்து சுழன்று விலகும். மூன்றாவதுதான் பெரியது: தூரத்துக்காக வானத்தைப் பார்த்து எறிவது. உயரமாக வரும் பந்தைக் கோல்கீப்பர் நிதானமாக வந்து பிடித்துவிடுவார். தாழ்வாக, வேகமாக வந்தால்தான் ஆபத்து.

வாரம் இரண்டு நாள், நாளுக்கு 15 எறி போதும். வளரும் வயதில் தோளுக்கும் இடுப்புக்கும் அதற்குமேல் வேண்டாம். டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். த்ரோவிலிருந்து நேராகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதையும் பையனுடைய கூட்டாளிகளுக்குச் சொல்லிவையுங்கள். அந்த விதியை மறந்து பாதிப் பேர் பின்னாலேயே நிற்கிறார்கள்.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட்டை இவர்கள் தோற்கடித்தது தற்செயலா?

2016 பிப்ரவரி 18, யூரோபா லீக், ஹெர்னிங். வார்ம்-அப்பிலேயே யுனைடெட்டின் கோல்கீப்பர் டி ஹேயாவுக்குக் காயம், ரொமேரோ இறங்கினார். 37-ஆவது நிமிடத்தில் மெம்ஃபிஸ் டெபாய் யுனைடெட்டுக்கு முதல் கோல். 44-இல் பியோனே சிஸ்டோ சமன் செய்தார். 77-இல் மாற்று வீரராக வந்த பால் ஒனுவாச்சு அடிக்க, 2–1. அதே சீசனில் தகுதிச் சுற்றில் சவுத்தாம்ப்டனையும் வெளியேற்றியவர்கள் இவர்கள். எனவே தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு வாரம் கழித்து யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில் 5–1 என்று தோற்றார்கள். அங்கும் முதல் கோல் சிஸ்டோவுடையதுதான். ஆனால் அன்று முதன்முறையாக யுனைடெட்டுக்கு ஆடிய மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற 18 வயதுப் பையன் இரண்டு கோல் அடித்தான்.

எங்கள் கண்ணில் முக்கியமாகப் படுவது கோல் அடித்த அந்த இரண்டு பெயர்களும்தான். கணினி தேடிக் கண்டுபிடித்தவர்கள் அல்ல அவர்கள். சிஸ்டோ கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்தவர். கம்பாலாவில் பிறந்து, கைக்குழந்தையாக டென்மார்க் வந்தவர். ஒனுவாச்சு, நைஜீரியாவில் மிட்யூலனோடு கூட்டு வைத்திருக்கும் எஃப்.சி. எபெடெய் வழியாக வந்தவர். அகாடமியை 2004-இல் ஈகாஸ்டில் தொடங்கினார்கள். டென்மார்க்கில் அதுதான் முதல். வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுப்பார்கள். அகாடமியின் முதல் மாணவர் குழுவிலேயே இருந்தவர் சைமன் கியர். 2008-இல் இத்தாலியின் பலெர்மோவுக்குப் போனார், பிறகு டென்மார்க் கேப்டன் ஆனார். 2021-இல் சக டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்தில் சுருண்டு விழுந்தபோது முதலில் ஓடியவர்களில் ஒருவர் அவர்தான். பென்ஹாம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே போட்ட விதை இது. அதைப் பேசாமல் புள்ளிவிவரத்தை மட்டும் பேசுவது அந்தப் பயிற்சியாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: மொத்தம் எத்தனை லீக் பட்டம்? டென்மார்க் லீக் முறையும் புரியவில்லை.

2015, 2018, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் முடிந்த சீசன்களில் நான்கு லீக் பட்டங்கள். 2019-லும் 2022-லும் டேனிஷ் கோப்பை. இரண்டு இறுதி ஆட்டங்களுமே பெனால்டியில் முடிந்தன. 2023-இல் பெரும்பான்மைப் பங்கு டேனிஷ் தொழிலதிபர் ஆண்டர்ஸ் ஹோல்க் பவுல்சன் கைக்கு மாறியது.

லீக்கில் 12 அணிகள். எல்லோரும் 22 ஆட்டம் ஆடியதும் மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரிவார்கள். தங்கள் குழுவுக்குள் இன்னும் 10 ஆட்டம். புள்ளிகள் அப்படியே தொடரும். மேல் குழுவில் பட்டம் முடிவாகும், கீழ் குழுவில் கடைசி இருவர் இறங்குவார்கள். குளிர்கால இடைவேளையில் முதலிடத்தில் இருப்பவரைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடைசிப் பத்து ஆட்டமும் பலமான அணிகளோடுதான். 2024-இல் கடைசி நாளில் மிட்யூலன் சில்கபோரோடு 3–3 என்று டிராதான் செய்தது. ப்ரண்ட்பி தன் மைதானத்தில் ஏ.ஜி.எஃப். அணியிடம் 3–2 என்று தோற்றதால் 63-க்கு 62 என்ற புள்ளிக் கணக்கில் பட்டம் ஹெர்னிங்குக்குப் போனது.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியிருக்கிறார்களா?

2020–21-இல். தகுதிச் சுற்றில் ஸ்லாவியா பிராகாவை 4–1 என்று வென்று குழுவுக்குள் வந்தார்கள். லிவர்பூல், அயாக்ஸ், அட்லான்டா என்று கடினமான குழு. ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லை; இரண்டு டிரா. கடைசி ஆட்டம் ஹெர்னிங்கில், டிசம்பர் 9. ஆட்டம் தொடங்கிய 55-ஆவது நொடியில் சலா கோல் அடித்தார். 62-ஆவது நிமிடத்தில் பெனால்டியில் அலெக்சாண்டர் ஷோல்ஸ் சமன் செய்தார், 1–1. அந்த லிவர்பூலின் த்ரோ-இன் பயிற்சியாளரும் க்ரோனமார்க்தான், 2018-இல் அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவர் அப்போதைய லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்.