கேளுங்கள், சொல்கிறேன்: பாட்டி வீட்டுக் கறுப்பு பீரோ

கேள்வி: கொரியன் சீரியல்களில் பாட்டி வீடு என்றாலே சிப்பி பதித்த கறுப்பு பீரோ ஒன்று நிற்கிறதே, அதை இன்னும் யாராவது செய்கிறார்களா?
– வாசகி ஒருவர், பண்ருட்டி

பதில்: செய்கிறார்கள், ஆனால் கொஞ்சம் பேர்தான். இந்தச் சிப்பி பதித்த அரக்கு வேலைக்கு நஜோன்சில்கி என்று பெயர். 1970-களில் நாலு காசு சேர்ந்த கொரியக் குடும்பங்கள் ஆசையாக வாங்கிப்போட்ட பீரோ அது. அப்புறம் அபார்ட்மென்ட்டில் சுவரோடு சேர்ந்த அலமாரி வந்ததும், இது தெருவுக்குப் போனது.

இதற்குத் தாய்வீடு தென்கொரியாவின் தெற்குக் கடலோர ஊரான தொங்யொங். அபலோன் என்கிற கடல்நத்தையின் சிப்பியை மெலிதாகத் தேய்த்து, நூல் கனத்துக்குக் கீற்றாக அறுப்பார்கள். பசை தடவிய பலகையில் கீற்றை வைத்து, கத்தி முனையால் அழுத்தி, வேண்டிய நீளத்தில் ‘டக்’கென்று ஒடித்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு ‘ஒட்’ என்கிற அரக்கு மரத்தைக் கீறி எடுத்த பாலைப் பூசி, இறுகவிட்டு, மறுபடி பூசி, சிப்பி வெளியே மின்னும்வரை தேய்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பால் இறுகக் காற்றில் ஈரம் வேண்டும். பச்சையாகத் தோலில் பட்டால் தடித்து அரிக்கும்.

பீரோ மோகம் தலைக்கேறிய காலத்தில் இவ்வளவு பொறுமை யாருக்கு? பலர் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த மலிவு பெயின்ட்டுக்கு மாறினார்கள். (அந்த எண்ணெய் கையில் பட்டால் என்ன ஆகும் என்று பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா!) ஆக, அமோகமாக விற்றபோதே அசல் வேலை தேய ஆரம்பித்துவிட்டது.

காப்பாற்றியது, இந்த மோகத்துக்கு முன்பே வந்திருந்த ஒரு சட்டம். 1962-ல் தென்கொரியா பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1966-ல் இந்தக் கலையும் பட்டியலில் ஏறியது. பொருளை மட்டுமல்ல, அதைச் செய்யத் தெரிந்த ஆளையும் சொத்தாக அறிவித்தார்கள். தொங்யொங்கில் வளர்ந்த கிம் பொங்ரியொங் அப்படி அறிவிக்கப்பட்டவர். மாதாமாதம் உதவித்தொகை உண்டு; சும்மா இல்லை, சீடர்களுக்குக் கற்றுத்தர வேண்டும், ஊரறியச் செய்துகாட்டவும் வேண்டும்.

இப்போது இளைஞர்கள் செல்போன் உறையிலும் கைக்கண்ணாடியிலும் சிப்பியைத் தேடுகிறார்கள். வரவேற்கிறேன், ஆனால் அதில் பாதி ஸ்டிக்கர் வேலை. கீற்று ஒடிக்கிற கைக்குச் சோறு போட, முழுப் பெட்டி வாங்குகிற ஆள் வேண்டும்.

சியோல் போனால் தேசிய அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள். கொர்யோ அரச வம்சக் காலத்துச் (918–1392) சிப்பிப் பெட்டி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. புத்த நூல்கள் வைத்தது. ஜப்பானில் இருந்ததைக் காசு கொடுத்து மீட்டு, 2014-ல் சேர்த்தார்கள்.