பள்ளியில் பேஸ்பால் ஆடும் பிள்ளையைக் கல்லூரி அணியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்சியாளர்களே பள்ளி வீரர்களைப் பார்த்து, எடைபோட்டு, தங்கள் அணிக்கு அழைக்கிறார்கள். இதைத்தான் ரெக்ரூட்டிங் என்கிறார்கள்.

நன்றாக ஆடினால் தானாக அழைப்பு வரும் என்று பல பெற்றோர் காத்திருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இருக்க, பயிற்சியாளர் குழுவோ நாலைந்து பேர்தான். எல்லா ஆட்டத்தையும் அவர்களால் போய்ப் பார்க்க முடியாது. ஏறக்குறைய வரன் தேடுவது போலத்தான்: ஜாதகத்தை நாம்தான் அனுப்ப வேண்டும், பொருத்தமும் பார்க்க வேண்டும்.

இங்கே ஜாதகம் என்பது ஒரு சின்ன வீடியோவும் மதிப்பெண் பட்டியலும். பந்து வீசும் வேகம், மட்டை சுழற்றுவது, 60 கெஜ ஓட்ட நேரம் எல்லாம் வீடியோவில் தெரியட்டும். மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா அம்மா எழுதினால் எடுபடாது. கல்லூரி அணிகளை மூன்று டிவிஷன்களாக, அதாவது நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மேல்நிலையான முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பதில் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் அதற்கு முன் மௌனம் என்றால் மனம் உடைய வேண்டாம்.

அப்புறம், படிப்பு. முதல் இரண்டு டிவிஷன்களிலும் ஆட பள்ளியிலேயே ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். இதைக் கடைசி வருடத்தில் ஈடுகட்டுவது ரொம்பக் கஷ்டம்.

அணியில் இடம் கிடைத்தாலே முழுக் கட்டணமும் இலவசம் என்று நினைப்பது தவறு: பேஸ்பாலில் பெரும்பாலும் பகுதி உதவித்தொகைதான், மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.