பஸ் நிலையத்தில் கைவிடப்பட்ட பெரியவர்: வேன்காரரிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை பேருந்து நிலையம் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு மாதமாக எங்கள் கடை வராந்தாவில் படுக்கிறார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறார். சில நேரம் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். கணுக்காலில் புண். பேரூராட்சியில் கேட்டால், “அவர் கேரளாக்காரர், நாங்க எடுக்க முடியாது” என்கிறார்கள். ஒரு வேன்காரர் 6,000 ரூபாய் கொடுத்தால் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தெருவில் கிடப்பவரை மாநகராட்சி காப்பகத்தில் சேர்க்கச் சேர்க்கைக் கட்டணம் இல்லை. போலீசுக்கும் 108-க்கும் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வேன்காரர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கால்.

புண்ணில் நாற்றம், புழு, காலில் வீக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான் முதல் இடம். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் குழித்துறை அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய புண் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். “கூட யார் இருப்பாங்க?” என்று வார்டில் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்தே நல்ல மனசுக்காரர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். “உறவினர் இல்லை, தெருவில் இருந்தவர்” என்று எழுதச் சொல்லுங்கள். உறவினர் என்ற இடத்தில் உங்கள் பெயர் விழ வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை மறக்காமல் வாங்கி வையுங்கள். புண்ணோடு வருபவரைச் சேர்க்கக் காப்பகத்தில் தயங்குவார்கள்; சிகிச்சை முடிந்தது என்று எழுத்தில் இருந்தால் அந்தச் சாக்கு போய்விடும்.

இன்னொன்று, தனக்குத்தானே பேசுகிறவர் எல்லாரும் மனநோயாளி அல்ல. சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும், இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்தாலும், காய்ச்சல் முற்றினாலும் வயதானவர்களுக்குப் பேச்சு குழறும். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்குப் பிறகும் மனநலம் சரியில்லை என்று தோன்றினால் பொறுப்பு போலீசுடையது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100 என்று எழுதிக்கொள்ளுங்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் மனநோயோடு திரிகிறார் என்று நம்ப இடமிருந்தால், அந்த எல்லைக்குள் உள்ள ஸ்டேஷன் அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. சேர்க்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், வீட்டிலோ வீடற்றோருக்கான அரசு இல்லத்திலோ கொண்டுபோய் விடுவதும் போலீஸ் வேலைதான். இதற்கு மேல் ஒரு வரி உண்டு, பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வீடற்ற நிலையில் இருக்கும் மனநோயாளி விஷயத்தில், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். “பாறசாலை ஸ்டேஷனுக்குப் போங்க” என்று கேரளப் பக்கம் கைகாட்டினால் நகராதீர்கள். அவர் படுத்திருப்பது களியக்காவிளையில். சட்டம் பார்ப்பது ஆள் இருக்கும் இடத்தை, பிறந்த ஊரை அல்ல.

பேரூராட்சியின் பதிலும் இதே அளவுக்குத் தவறு. 2013-இல் தொடங்கி 2024-இல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றது. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்த்துச் சேர்க்கச் சொல்லவில்லை. உண்மையான சிக்கல் வேறு. களியக்காவிளையையும் குழித்துறையையும் கூட்டினாலும் மக்கள்தொகை ஒரு லட்சம் வராது, அதனால் அந்தக் கணக்கில் இங்கே காப்பகம் வரவில்லை. வீட்டுக்கு வேண்டாதவர்களை இறக்கிவிட எல்லைப் பஸ் நிலையம்தான் வசதி. ஆனால் கணக்கு, குடியிருப்பவரின் தலையை மட்டும் எண்ணியது. இத்தனை வருடமாக இதை யாரும் திருத்தவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “எங்களிடம் இடம் இல்லை” என்று சொல்லட்டும், அது உண்மை. “அவர் கேரளாக்காரர்” என்பது உண்மையான காரணமே அல்ல. எனவே நாகர்கோவில் மாநகராட்சியில் வீடற்றோர் காப்பகத்தைப் பார்க்கும் அலுவலரைக் கேட்டுப் போங்கள். ஆதார் இல்லை என்று திருப்பினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள், சேர்த்துக்கொள்வார்கள். அங்கிருந்தும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. மனு எண்ணைக் குறித்து வையுங்கள். முதியோர் உதவி எண் 14567. பெண் என்றால் 181, குழந்தை என்றால் 1098.

இனி வேன்காரர். இவர்கள் முதலில் போட்டோ எடுப்பார்கள், அழுக்குச் சட்டையோடு ஒன்று, முடி வெட்டி வேட்டி கட்டிவிட்டு ஒன்று. அந்த இரண்டு படமும் வசூலுக்கு. ஆளை எங்கே கொண்டுபோனார்கள் என்ற கடிதம் எங்கும் இருக்காது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாத ஓர் இல்லம் வெளிச்சத்துக்கு வந்தது. சேர்த்த முதியவரைப் பார்க்கக் குடும்பத்தார் போனபோது ஆள் அங்கே இல்லை, பெங்களூரில் வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். தேடிப்பார்க்க உறவு இருந்தவருக்கே அந்தக் கதி. உங்கள் வராந்தாவில் இருப்பவரைத் தேடிப் போக யார் இருக்கிறார்கள்? இல்லம் என்று யார் சொன்னாலும் பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். மனநோயாளிகளை வைத்திருக்கும் இல்லத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு கட்டாயம். டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தை நீட்டி இதுதான் லைசென்ஸ் என்பார்கள். அது வேறு, இது வேறு. வீட்டு வசதி வாரியத்தில் வீடு, கேரளப் பக்கம் லைஃப் மிஷனில் வீடு என்று பணம் கேட்டு வருபவர்களையும் இதே கணக்கில் சேருங்கள். அவை குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டங்கள். இன்றிரவு படுக்க இடம் வேண்டிய தனி ஆளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

குடும்பம் கிடைத்து, பிள்ளைகள் கைவிரித்தால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் நெய்யாற்றின்கரையில் இருந்தாலும் பெரியவர் இப்போது இருக்கும் இடத்திலேயே, அதாவது பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமே, மனு கொடுக்கலாம். “கேரளாவில் போய்க் கேஸ் போடுங்க” என்று ஏஜென்டுகள் சொல்வது பணம் பறிக்கத்தான். அந்த மனுவுக்கு வக்கீலும் வேண்டாம்.

ஆதார் எப்படி என்றும் கேட்பீர்கள். பதிவு பெற்ற காப்பகத்தின் தலைவர் உரிய படிவத்தில் கையெழுத்திட்டால் அதை வைத்து ஆதாருக்குப் பதியலாம், கட்டணம் இல்லை. ஏற்கெனவே ஆதார் உள்ளவர் என்றால் புதுப் பதிவு தள்ளுபடியாகும். அதுவே பழைய விலாசத்தைத் தேட ஒரு நூல். வயதானவர்களுக்கு விரல்ரேகை தேய்ந்திருக்கும், கருவிழிப் பதிவைக் கேளுங்கள். வாக்காளர் பட்டியலில் சேர விலாசச் சான்று தேவையில்லை; வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறார் என்று பார்த்தால் போதும்.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஊர் எது என்று கேட்டால் இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் வாய் மூடிக்கொள்வார்கள். சாயா வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போக எந்த பஸ் ஏறணும், எந்த முக்கில் இறங்கணும், பக்கத்தில் பள்ளியா, அம்பலமா, ரேஷன் கடையா என்று கேளுங்கள். சொல்லும் பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். தழும்பு, பச்சை குத்தியது, சட்டைக் காலரில் தையல்கடைச் சீட்டு, இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எஃப்.ஐ.ஆரோடு இணைக்க அந்தத் தாள் ஒன்று போதும்.